முந்தைய ரீடிங்

வாரத்தில் ஆறு நாள்
குகை, தாதகாப்பட்டி, லைன்மேடு என்று
அடுத்தவர் வீட்டு மின்சாரத்தைக்
குறித்துக்கொண்டு நடப்பவன் நான்.
ஏழாம் நாள்
இருபது கொண்டை ஊசி ஏறி
சேர்வராயன் கோயில் மேட்டில்
புல்லைக் குறிக்கிறேன்.

சம்பளம் கிடையாது.
ஜெசிந்தா மேடத்துக்கு
எண்ணத் தெரிந்த ஆள் வேண்டும்.
எனக்கு
குரைக்காத எதையாவது எண்ண வேண்டும்.

ஒரு மீட்டர் சதுரம்.
நான்கு ஆணி, நைலான் கயிறு.
மண்டியிட்டதும் முட்டியில் ஊறும் ஈரம்.
புல்லை விரலால் வகிடெடுத்துப் போகப் போக
தரையோடு ஒட்டிய ஓர் இலை,
அதிலிருந்து ஒரு சாண் தண்டு,
தண்டில் வெள்ளை.
பூ என்று சொல்லலாம்.
கிட்டத்தில் பார்த்தால்
கையை விரித்து வாலைத் தொங்கவிட்டு
இப்போதுதான் எங்கிருந்தோ குதித்த ஏதோ.

மேடம் லத்தீனில் பெயர் சொன்னார்.
எழுதிக்கொண்டேன், தப்பாக.
நாகலூர் சின்னாண்டி
கயிற்றைச் சுற்றிக்கொண்டே சொன்னார்:
"மாடு திங்காது."
அவர் வைத்திருந்த பெயர் அவ்வளவுதான்.

இதன் விதை வெறும் தூசு.
உள்ளே பருப்பில்லை, கட்டுச்சோறில்லை.
மண்ணுக்குள் ஏதோ ஒரு பூஞ்சை
லைன் கொடுத்தால்தான் முளைக்கும்.
எந்தக் கம்பம், யாருடைய இணைப்பு,
எத்தனை நாள் கழித்து?
கேட்டேன். மேடத்துக்கும் தெரியவில்லை.

பன்னிரண்டு சதுரத்திலும் சேர்த்து
போன ஆவணியில் நாற்பத்தொன்று.
இந்த ஆவணியில் பதினேழு.

"செத்துப்போச்சா?"
"சொல்ல முடியாது. சில வருஷம் மேலே வராது.
கிழங்கு கீழே இருக்கும்.
இருந்தாலும் இருக்கும்."
படிவத்தில் இரண்டே கட்டம்:
உண்டு. இல்லை.

மதியம் ஒரு வேன் வந்தது,
ஆத்தூர்ப் பக்கத்துக் கூட்டம்,
பிரியாணி அண்டாவோடு.
ஒரு பையன், பெயர் அஸ்வத்
(அவன் அம்மா அப்படித்தான் கத்திக்கொண்டிருந்தாள்),
கயிறு தாண்டி வந்து
பதினேழில் ஒன்றைப் பிடுங்கி
அவளிடமே கொண்டு ஓடினான்.
எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு அவள் நடந்து வந்து
"சார், வேரோட வந்திருச்சு" என்று
என் உள்ளங்கையில் வைத்தாள்.

வேர் கொஞ்சம்தான். 
அதன் நடுவே இரண்டு கிழங்கு.
ஒன்று உலர்ந்த திராட்சை மாதிரி,
அழுத்தினால் உள்ளே ஒன்றுமில்லை.
மற்றது வெளுத்து, கெட்டியாக,
பச்சை வேர்க்கடலைக் கனத்தில்.

"இது இந்த வருஷம் செலவானது," என்றார் மேடம்.
"இது அடுத்த வருஷத்துக்கு."

எனக்கா விளக்க வேண்டும்?
முந்தைய ரீடிங்.
இந்த ரீடிங்.
நடுவில் எரிந்தது
வெள்ளையாக
என் கட்டைவிரலில் சாய்ந்திருந்தது.

சின்னாண்டி அதை வாங்கிக்கொண்டு போய்
அதே குழியில் வைத்து
இரண்டு விரலால் மண் தள்ளி
பெப்சி பாட்டில் தண்ணீரைச் சரித்தார்.
பிழைக்குமா என்று யாரும் கேட்கவில்லை.
பிரியாணி கொடுத்தார்கள். சாப்பிட்டோம்.

நாலு மணிக்கு மேகம் ஏறி
கோயில் காணாமல் போனது, பிறகு வேன்,
பிறகு ஒருவருக்கொருவர் நாங்கள்.
பென்சிலைத் தடவி எடுத்து
இருபத்துநாலு காலி வரிசையிலும்
உண்டும் போடவில்லை, இல்லையும் போடவில்லை.
பழக்கதோஷம்,
"கதவு பூட்டு" என்று எழுதிவிட்டேன்.
மேடம் அழிப்பார் என்று பார்த்தேன்.
கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு
தாளை மடித்துப் பைக்குள் போட்டார்.

திங்கள். லைன்மேடு, மூன்றாம் சந்து.
பூட்டிய வீடு. நான்காவது தடவை.
வழக்கமாக இரண்டெழுத்துக் குறியோடு நகர்ந்திருப்பேன்.
கிரில் இடுக்கில் கன்னத்தை அழுத்தினேன்.
இருட்டு. ஊறின சுண்ணாம்பு வாசம்.
வெகு உள்ளே, சுவரில்,
மீட்டரின் சிவப்புப் பொட்டு
ஒருமுறை.

அடுத்ததற்காக நின்றேன்.